உடைமுள்ளில் வைத்த விருந்து

பறவைகளும் மனிதர்களும் ஒரே பாஷை பேசி, ஒருவர் வம்பை ஒருவர் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கீச்சானுக்கு அலகு நேராக இருந்தது. முகத்திலும் கரி இல்லை. இன்றைக்கு வேலியோரத்தில் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, கொக்கி போன்ற மூக்கோடு, யாருக்கும் அஞ்சாமல் ஒரு குருவி உட்கார்ந்திருக்கிறதே, அதே ஆள்தான். அன்றைக்குப் பார்த்திருந்தால் உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

முள் அடர்ந்த உடைமரக் காட்டின் பாட்டுக்காரன் அவன். சொந்தமாக ஒரு பாட்டுகூடக் கிடையாது என்பது வேறு விஷயம். கொண்டைக்குருவியின் பாட்டில் பாதி, சில்லையின் கொஞ்சலில் கொஞ்சம், கௌதாரியின் கத்தலில் ஒரு துண்டு என்று எல்லாவற்றையும் கலந்து பாடுவான். ஆனால் நன்றாகவே பாடினான். தன் குரலைப் பற்றி அவனுக்கும் குறைவான அபிப்பிராயம் இல்லை.

அந்த நாளில் பறவைகள் எதையும் எடுத்து வைப்பதில்லை. கண்டதைக் கண்ட இடத்தில் தின்றுவிட்டுப் பறந்துவிடும். சின்னப் பறவைகளுக்குள் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. ஒரே வாயில் அடங்குவதை மட்டும்தான் பிடிக்க வேண்டும். அதைவிடப் பெரியதெல்லாம் கூர்நகம் படைத்த வல்லூறுக்கும் பருந்துக்கும் உரியது. வெயில் காலம் முழுக்க இதில் ஒரு குறையும் தெரியாது. அடைமழை பிடித்து, பூச்சிகளெல்லாம் மண்ணுக்குள்ளும் பட்டைக்குள்ளும் ஒளிந்துகொண்டால்தான் தெரியும்.

பக்கத்துக் காட்டிலிருந்து செம்பி என்ற பெண் கீச்சான் அங்கே வந்தது அப்படி ஒரு வெயில் காலத்தில்தான். செம்மண் நிறத்தில் முதுகு, நிதானமான பார்வை. நம் ஆளுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. மரத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்து, தெரிந்த பாட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் பாடினான். செம்பி கடைசிவரை அசையாமல் கேட்டது. காரியம் முடிந்தது என்று இவன் மார்பை நிமிர்த்தியபோது, அது ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. மழை பெஞ்சா இதத் திங்க முடியுமா?"

"அதென்ன புள்ள அப்படிக் கேட்டுட்ட?"

"போன அடைமழையில என் புள்ளைக அத்தனையும் பசியிலயே போச்சு. பூச்சி தேடிப் போன அதுகளோட அப்பன் திரும்பவே இல்ல. நான் கூட்டு மேல சிறகை விரிச்சு உக்காந்தேன். ஒரு சொட்டு நனைய விடல. ஆனா வாயில வைக்க ஒண்ணுமில்ல. இன்னொரு தடவ அதப் பாக்க என்னால ஆகாதுய்யா. மழைக்குள்ள சாப்பாடு இருக்கிற வீடா இருந்தா சொல்லுங்க. இல்லன்னா நான் தனியாவே இருந்துக்குவேன்."

அழாமல்தான் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு வேறு மரம் பார்த்துப் போயிருப்பார்கள். கீச்சானோ சட்டென்று, "இருக்கும். மழைக்குள்ள என் வீட்ல சாப்பாடு இருக்கும். கார்மேகம் கட்டுறப்ப ஒங்க மாமனக் கூட்டிக்கிட்டு வந்து வீடு பாரு," என்று சொல்லிவிட்டான். எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. இருக்கும் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

முதலில் மண்ணில் குழி பறித்துப் பூச்சிகளைப் புதைத்து வைத்தான். கட்டெறும்புகள் சாரை சாரையாக வந்து காலி செய்தன. அடுத்து மரப்பொந்தில் வைத்தான். அங்கே குடியிருந்த ஓணான் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, நாளைக்கும் கொண்டுவரச் சொல்லித் தலையை ஆட்டியது. பிறகு எருக்க இலையில் பொதிந்து கிளையிடுக்கில் செருகினான். அது அழுகி, அந்தப் பக்கம் போக முடியாதபடி நாற்றமெடுத்தது.

அந்தச் சமயத்தில்தான் இருளாயியின் ஆட்டுக்கிடாய் பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்தது. இருளாயி அந்தக் காட்டில் ஆடு மேய்க்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். கிடாயை அறுத்து, கறியைச் சின்னத் துண்டுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, ஆட்டுப்பட்டியைச் சுற்றியிருந்த முள்வேலியில் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தாள். கீச்சான் வேலிமேல் வந்து உட்கார்ந்தான்.

"என்னக்கா செய்றீங்க?"

"பாத்தா தெரியல? உப்புக்கண்டம் போடுறேன்."

"நாத்தம் எடுக்காதா?"

"பொத்தி வச்சாத்தான் நாறும். காத்தும் வெயிலும் படுற எடத்துல இருந்தா ஏன் நாறப்போகுது?"

"காக்கா தூக்கிட்டுப் போயிராதா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு காக்கை இறங்கியது. நெஞ்சில் முள் ஏறியதும் கத்திக்கொண்டே பறந்தது. "அதுகிட்டயே கேட்டுக்க," என்றாள் இருளாயி.

"எதுக்குக்கா இம்புட்டும்?"

"மழைக்குத்தான். நீ பாட்டுக்குப் பாடிக்கிட்டுத் திரிவ. என் வீட்ல நாலு வாய் இருக்குல்ல?"

"எனக்கும் கொஞ்சம் உப்பு குடுத்தீங்கன்னா..."

"ஒனக்கெதுக்குடா உப்பு? போடா அங்கிட்டு!"

உப்பு கிடைக்கவில்லை. ஆனால் விஷயம் கிடைத்துவிட்டது. அன்று மாலையே, தன் வாய்க்கு அடங்காத பெரிய வெட்டுக்கிளி ஒன்றை அடித்து வீழ்த்தினான். காட்டின் கட்டுப்பாட்டை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் செய்தான். அவன் கால்கள் பாடகனின் கால்கள், கிளையைப் பிடிப்பதற்கு மட்டும் ஆனவை. இரையை அமுக்கிப் பிடிக்க அதில் வலுவில்லை. வெட்டுக்கிளி உதைத்த உதையில் ஒரு கண் வீங்கியது. ஆனாலும் அலகால் கவ்வித் தூக்கிப்போய், உடைமரத்தின் நீண்ட வெள்ளை முள்ளில் ஓங்கிக் குத்தினான். அதன்பின் வெட்டுக்கிளி அசையவில்லை. வல்லூறுக்கு நகம் செய்கிற வேலையை இவனுக்கு முள் செய்தது.

பிறகு யார் சொல்லிக் கேட்பான்? விடிந்தால் உச்சிக்கிளை, பொழுது சாய்ந்தால் உச்சிக்கிளை. எதிர்வெயிலில் கண் கூசியது. இருளாயி கஞ்சி காய்ச்சிவிட்டுப் போட்டிருந்த கரிக்கட்டையில் முகத்தைத் தேய்த்து, கண்ணைச் சுற்றிக் கரியைப் பூசிக்கொண்டான். கூச்சம் போயிற்று, தரையில் ஊர்கிறதெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அதே மரத்தில் கூடு கட்டியிருந்த கொண்டைக்குருவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"பாடுற வாயாலயே கொலை பண்றாரு. மூஞ்சியில கரியப் பூசிக்கிட்டா யாருன்னு தெரியாதாக்கும்?" என்று மரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"தெரியட்டும் தங்கச்சி. நான்தான்," என்றான் கீச்சான்.

கார்மேகம் கட்டியபோது மரத்தில் ஒரு கிளை முழுக்க நிறைந்திருந்தது. வெட்டுக்கிளிகள், பாச்சைப் பூச்சிகள், ஓர் அரணை, ஒரு சுண்டெலி. பெண்வீட்டார் வரும்போது பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும் அல்லவா? எருக்கஞ்செடியில் மேய்ந்துகொண்டிருந்த, மஞ்சளும் நீலமுமாக வரி போட்ட பெரிய வெட்டுக்கிளிகளைப் பிடித்து வந்து, வாசலில் தோரணம் கட்டுவது போல முன்முள்ளில் குத்தினான். குத்தும்போது அவை கசப்பான மஞ்சள் சாற்றைப் பீய்ச்சின. அவற்றின்மேல் ஓர் ஈகூட உட்காரவில்லை. ஈ மொய்க்காத சுத்தமான சரக்கு என்று அதற்கும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

செம்பியும் தாய்மாமனும் வந்தார்கள். மாமன் சாம்பல் நிறத்தில் கனத்த ஆள். வந்ததும் கிளையை ஆட்டிப் பார்த்தார். சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று விசாரித்தார். பாம்பு ஏறுமா என்று அடிமரத்தைச் சுற்றி வந்தார். தொங்கிக்கொண்டிருந்த அரணையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு முள்ளாகப் பார்த்து வந்த செம்பியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. கடைசியில் முன்முள்ளுக்கு வந்தார்கள்.

"தம்பி," என்றார் மாமன், "இது எருக்கு திங்கிற வெட்டுக்கிளியில்ல?"

"ஆமா மாமா. அழகா இருக்குல்ல?"

"அழகா? இதத் தின்னுட்டு என் சின்னம்மா மகன் வாந்தி எடுத்தே செத்தான். சுத்த வெசம்."

செம்பியின் கண்ணில் இருந்த வெளிச்சம் அணைந்தது. "என் புள்ளைக வாயில இதத்தான் வச்சிருப்பீங்களா?" என்று கேட்டது.

"கெளம்பு, போவோம். இங்க கை நனைக்க வேணாம்," என்றார் மாமன்.

கை நனைப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்கப் போன வீட்டில், சம்மதம் என்றால் மட்டும்தான் இன்றைக்கும் சாப்பிட உட்காருவார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். இதைப் பறவைகள் நம்மிடம் பார்த்துக் கற்றுக்கொண்டனவா, நாம்தான் அவற்றிடம் கற்றுக்கொண்டோமா என்று எனக்குத் தெரியாது. பறவைகளுக்குக் கையே இல்லையே என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதும் இல்லை.

சிறகை விரித்தார்கள். அதே நேரத்தில் மழை இறங்கியது. சும்மா தூறல் இல்லை. எதிர்மரம் தெரியாத மழை. பறக்க வழியில்லாமல் மாமனும் செம்பியும் அதே உடைமரத்தில் ஒண்டினார்கள். அன்று விடவில்லை. மறுநாளும் விடவில்லை. எத்தனை நாள் பெய்தது என்று யாரும் எண்ணவில்லை. காட்டில் ஒரு கொசுகூடப் பறக்கவில்லை.

"மாமா, சம்பந்தம் கெடக்கட்டும். எருக்குக் கிளிய விடுங்க, அரணையில ஒரு துண்டு எடுத்துக்கங்க," என்று கீச்சான் கெஞ்சினான்.

"சம்மதம் இல்லாத வீட்ல பச்சத்தண்ணி தொட மாட்டோம் தம்பி."

அவர் அலகிலிருந்து மழைத்தண்ணீர் வழிந்து வாய்க்குள் போய்க்கொண்டுதான் இருந்தது. அது வானத்துத் தண்ணீர், யார் வீட்டுத் தண்ணீரும் இல்லை என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பட்டினி கிடந்த விருந்தாளிகளை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை. மாமனின் பார்வை மட்டும் அரணையை விட்டு நகரவே இல்லை.

அப்போது மேல்கிளையில் கொண்டைக்குருவியின் குஞ்சுகள் கத்தத் தொடங்கின. பசிக் கத்தல். முதலில் ஓங்கிக் கேட்டது. பிறகு மெலிந்துகொண்டே போயிற்று. செம்பி சிறகுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. அந்தக் கத்தல் மெலிந்தால் அடுத்தது என்ன என்று அதற்குத் தெரியும். சட்டென்று தலையைத் தூக்கி, "அதுகளுக்குக் குடுங்க," என்றது.

"குடுத்தா நாளைக்கு ஒனக்கு?" என்றான் கீச்சான்.

"நான் எப்படியும் இங்க திங்கப் போறதில்ல. அந்தச் சத்தத்த என்னால கேக்க முடியல. குடுங்கய்யா!"

அவன் அரணையை இழுத்தான். வெயிலில் காய்ந்த கறி முள்ளோடு இறுகியிருந்தது. அலகை மாட்டி, கழுத்தைத் திருகி, நார் நாராகக் கிழித்தான். கிழிக்கக் கிழிக்க அலகின் நுனி வளைந்தது. வளைந்த பிறகு கிழிப்பது சுலபமாயிற்று. கூட்டுக்குக் கொண்டுபோனபோது கொண்டைக்குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அன்னைக்குப் பேசினத மனசுல வச்சுக்காதீங்கண்ணே."

"அந்தச் சண்டைய மழை விட்டதும் போட்டுக்குவோம். இப்பப் புள்ளைகள வாயத் தெறக்கச் சொல்லு."

அடுத்த கிளையில் தவிட்டுக்குருவியின் குஞ்சுகள், அதற்கடுத்து சில்லையின் குஞ்சுகள். கேட்டவர்களுக்கெல்லாம் கிழித்துக் கொடுத்தான். ஒரு பிடி உணவுகூட எடுத்து வைக்காத காட்டில், எடுத்து வைத்திருந்த ஒருத்தன் அவன்தான். வேறு யாரிடம் போய்க் கேட்பார்கள்? வெட்டுக்கிளி போயிற்று, பாச்சை போயிற்று, சுண்டெலியும் போயிற்று. அவனும் ஒரு துண்டு தின்னவில்லை. அந்த மரத்தில் ஒரு குஞ்சும் சாகவில்லை. முன்முள்ளில் எருக்குக் கிளிகள் மட்டும் நனைந்துகொண்டு தொங்கின.

மழை இன்னும் விட்டபாடில்லை. செம்பிக்குக் கிளையைப் பிடிக்க வலு போய்விட்டது. ஒருமுறை வழுக்கிக் கீழ்க்கிளையில் விழுந்து, அங்கேயே ஒடுங்கிக்கொண்டது. அதைப் பார்த்ததும் மாமனின் வீறாப்பெல்லாம் கரைந்துபோயிற்று.

"வீம்பு பிடிச்சு என் புள்ளயக் கொன்னுட்டேனே! தம்பி, எதையாச்சும் குடுய்யா. கை நனைச்சாலும் சரி, கால் நனைச்சாலும் சரி."

"எல்லாம் தீந்துபோச்சு மாமா."

சொல்லிவிட்டுக் கீச்சான் முன்முள்ளைப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே நின்றான். இலைமறைவில் தொங்கிய எருக்குக் கிளியின் முதுகில், மழைக்கு ஒண்டிய இரண்டு ஈக்கள் உட்கார்ந்து நிதானமாகக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தன. குத்திய அன்றைக்கு ஈகூட அண்டாத கிளி அது. கிட்டே போய் அலகால் தட்டினான். மஞ்சள் சாறு வரவில்லை. மூக்கைப் பிடிக்கும் அந்த எருக்கம்பால் வாடையும் இல்லை. இத்தனை நாள் முள்ளில் கிடந்து கிடந்து, விஷம் செத்துப்போயிருக்க வேண்டும். அல்லது ஈக்களுக்குப் புத்தி கெட்டிருக்க வேண்டும்.

"மாமா, நல்லாப் பாத்துக்கங்க. நான் விழுந்தா இது வெசம். விழாட்டி இதுதான் சாப்பாடு," என்றான்.

"வேணாம்டா தம்பி!" என்று மாமன் கத்துவதற்குள் ஒரு கிளியை முழுதாகத் தின்று முடித்தான்.

மரத்திலிருந்த கூடுகளிலிருந்தெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. கீச்சான் வயிற்றைக் கவனித்தபடி உட்கார்ந்திருந்தான். வயிறு இரைந்தது. அது விஷத்தால் இல்லை, இன்னும் ஒன்று வேண்டும் என்பதற்காக என்று அவனுக்கு நன்றாகப் புரிந்தது. ஆனாலும் பொறுத்தான். பிள்ளை பெறப்போகிறவளின் வாயில் வைக்கிற சாப்பாடு, அவசரப்படக் கூடாது. மழைக்குள் வெளிச்சம் கூடி, மறுபடி குறைந்து, ஒரு பகல் கழிந்தது. அவன் விழவில்லை. சந்தேகப்பட்டவர்களுக்காகக் கொண்டைக்குருவியின் பாட்டைக் கொண்டைக்குருவியைவிடச் சத்தமாக ஒருதடவை பாடிக் காட்டினான்.

கீழ்க்கிளையிலிருந்து செம்பியின் குரல் வந்தது. "பாட்ட நிறுத்திட்டு அதக் கொண்டாங்க."

அவன் அடுத்த கிளியைக் கிழித்து எடுத்துக்கொண்டு இறங்கினான். பக்கத்தில் வைத்தான். குனிந்து எடுக்க அதனால் முடியவில்லை. குளிரிலும் பசியிலும் இரண்டு சிறகும் நடுநடுங்கின.

"மாமா," என்றது செம்பி. "நல்லாப் பாத்துக்கங்க. நானாத்தான் சாப்பிடுறேன். யாரும் சொல்லிச் சாப்பிடல. பசிக்காகவும் சாப்பிடல. என் புள்ளைக பொழைக்கிற வீடு இதுதான்."

சொல்லிவிட்டு, நடுங்கிய சிறகோடு வாயைத் திறந்தது. கீச்சான் முதல் துண்டை அதன் வாய்க்குள் வைத்தான். செம்பி விழுங்கியது.

மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கை நனைச்சாச்சு," என்று ஊரறியச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் இறங்கிவந்து, குரலையும் இறக்கி, "மாப்ளே, அந்தக் கடைசிக் கிளியில எனக்கும் ஒரு தொடை..." என்று இழுத்தார்.

மழை விட்டதும் அந்த மரத்திலேயே கல்யாணம் நடந்தது. மற்றவர்கள் மஞ்சள் பூசுகிற இடத்தில் செம்பி அதே கரிக்கட்டையில் தானும் முகத்தைத் தேய்த்துக்கொண்டது. இனி தனக்கும் வேட்டை உண்டு என்று சொல்லிவிட்டது. அந்த வருஷம் அவர்கள் கூட்டில் பொரிந்த குஞ்சுகள் அத்தனையும் பறந்தன. நேரான அலகோடு ஒன்றுகூடப் பொரியவில்லை. கொண்டைக்குருவி மட்டும் பாக்கியிருந்த சண்டையைப் போட வரவேயில்லை.

இன்றைக்கும் குஞ்சு பொரிக்கும் காலம் வந்துவிட்டால் ஆண் கீச்சான் முள்மரம் தேடி, முள்ளெல்லாம் இரையைக் குத்தி வைத்துவிட்டுத்தான் பெண்ணை அழைக்கிறது. எருக்குக் கிளி கிடைத்தால் குத்தி வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறது. அதையெல்லாம் விடுங்கள். வெயில் கொளுத்தும், காடு முழுக்கப் பூச்சி பறக்கும், பெண் கீச்சானின் வயிறும் நிறைந்திருக்கும், தானே பிடித்துத் தின்ன அதற்கு ஒரு தடையும் கிடையாது. இருந்தாலும் ஆண் இரையோடு வந்து நின்றதும், அது சிறகு இரண்டும் நடுநடுங்க வாயைத் திறந்து காட்டும். அடைமழையில் செம்பி தன் சம்மதத்தைச் சொன்ன அந்த நாளிலிருந்துதான் இப்படி.